மனமுவந்து

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பத்திர வரைவில் 'மனமுவர்ந்து' என்று தட்டச்சாகியிருந்ததை அடித்துவிட்டு 'மனமுவந்து' என்று திருத்தினேன். உவர்ப்பு என்றால் உப்புக் கரிப்பு, உவப்பு என்றால் மகிழ்ச்சி. ஆவண எழுத்தரின் கணினியில் ஓர் 'ர்' கூடுதலாக விழுந்துவிட்டது, அவ்வளவுதான். ஆனால் அந்த எழுத்தை அடித்த நாளிலிருந்து என்னைப் பெண்ணியவாதி என்று சொல்லிக்கொள்வதற்கு முன்னால் ஒரு கணம் நின்றுவிடுகிறேன். அதற்கு முன்பு அப்படி நின்றதில்லை. யாராவது கேட்டால், சில சமயம் யாரும் கேட்காமலேயே, ஆமாம் என்று சொல்லிவிடுவேன்.

அப்படிச் சொல்வதற்கு என்னிடம் சான்றுகள் இருந்தன. திருமணத்துக்குப் பிறகும் அப்பாவின் தலைப்பெழுத்தை மாற்றிக்கொள்ளவில்லை. வங்கியில் சேர்ந்த புதிதில், எங்கள் கிளையில் பெண்களுக்கெனத் தனிக் கழிப்பறை இல்லாதது குறித்து வட்டார அலுவலகத்துக்கு ஏழு கடிதங்கள் எழுதி, எட்டாவது கடிதத்துக்கு முன்பாகக் கட்ட வைத்தேன். கடன் கேட்டுத் தனியாக வரும் பெண்ணிடம் "வீட்ல ஆம்பளை யாரும் வரலையா" என்று கேட்ட மேலாளருடன் ஆறு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மகனுக்கும் மகளுக்கும் பாத்திரம் தேய்க்கும் முறை வைத்தேன். இவற்றில் எதையும் இப்போது குறைத்துச் சொல்லவில்லை. அந்தக் கழிப்பறை இன்றும் இருக்கிறது. ஆனால் இவை அத்தனையிலும், எனக்கோ என்னைப் போன்ற பெண்களுக்கோ வர வேண்டிய ஒன்றை இன்னொருவரிடம் கேட்கும் இடத்தில்தான் நான் நின்றிருந்தேன். என் கையில் இருப்பதை விட வேண்டிய இடத்தில் ஒரு முறைகூட நின்றதில்லை என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதுவரை தெரியாது.

கடன் பிரிவு மேசை

வீட்டுக் கடன் பிரிவில் பதினோரு ஆண்டுகள் இருந்தேன். ஒரு மனிதர் இறந்த தந்தையின் மனையில் வீடு கட்டக் கடன் கேட்டு வருவார். மூலப்பத்திரம், பட்டா, முப்பதாண்டு வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்றிதழ் எல்லாம் கோப்பில் இருக்கும். வங்கி வழக்கறிஞரின் கருத்துரை மூன்று நாளில் வரும். அதில் பெரும்பாலும் ஒரே வரி இருக்கும், பெண் வாரிசுகளின் விடுதலைப் பத்திரம் தேவை என்று; அதாவது, சொத்தில் தங்கள் பங்கை விட்டுக்கொடுப்பதாக அவர்கள் எழுதித் தர வேண்டும். நான் அதைப் படித்துச் சொன்னதும் எதிரில் இருப்பவர் முகத்தில் கவலைக்கு மாறாக நிம்மதி தெரியும். இவ்வளவுதானா என்ற நிம்மதி. "அதுக்கென்ன மேடம், வெள்ளிக்கிழமை தங்கச்சியக் கூட்டிட்டு வந்து போட வச்சுடறேன்." அந்தக் 'கூட்டிட்டு வந்து' என் காதில் விழுந்தது. ஆனாலும் சரி என்று தலையசைத்து, கோப்பில் 'நிலுவை: விடுதலைப் பத்திரம்' என்று எழுதி அடுத்தவரை அழைத்தேன். எத்தனை தங்கைகளின் கையெழுத்துக்கு நான் இப்படிக் குறிப்பு எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்க்க இப்போது துணிவில்லை.

அரசும் இதை மலிவாகவே வைத்திருந்தது. குடும்ப உறுப்பினர்களுக்குள் எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு மதிப்பில் ஒரு விழுக்காடு முத்திரைத் தீர்வை. அதுவும் அப்போது 25,000 ரூபாய்க்கு மேல் போகாது. பதிவுக் கட்டணத்தின் உச்சமும் அப்போது 4,000 ரூபாய்தான். அரைக்கோடி பெறும் பங்கு இருபத்தொன்பதாயிரத்தில் கைமாறிவிடும். பாகப்பிரிவினைக்கும் பங்கு ஒன்றுக்கு இதே சலுகை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பதினோரு ஆண்டுகளில் அக்காள் தங்கைகளோடு பாகம் பிரித்துக்கொண்டு வந்தவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

சட்டம் பெண்ணுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெண்களுக்கும் ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. 1956இன் இந்து வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் இறந்த தந்தையின் தனிச் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு தந்தது. பரம்பரைச் சொத்துக்குப் பிறப்பால் உரிமை என்பது மகன்களுக்கு மட்டுமே இருந்ததைத் தமிழ்நாடு 1989இல் திருத்தியது; அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே திருமணமாகிவிட்ட மகள்களை மட்டும் வெளியே விட்டது. 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுமைக்கும் அந்த உரிமை வந்தது. தந்தை அன்று உயிரோடு இருந்தாரா என்பதைப் பார்க்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவை எல்லாம் எனக்குத் தொழில் சார்ந்து மனப்பாடம்.

இவற்றில் என்னை எப்போதும் உறுத்தியது, 1956 சட்டத்தில் இருந்து 2005இல் நீக்கப்பட்ட இருபத்து மூன்றாம் பிரிவு. குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது. ஆண் வாரிசுகளாகப் பார்த்துப் பிரித்தால்தான் உண்டு. வசிக்கலாம், ஆனால் அதற்கு அவள் மணமாகாதவளாக இருக்க வேண்டும், அல்லது கணவனால் கைவிடப்பட்டவளாக, அவனைப் பிரிந்தவளாக, அல்லது விதவையாக இருக்க வேண்டும். பிறந்த வீட்டில் ஓர் அறை வேண்டுமென்றால் பெண்ணின் வாழ்க்கை முதலில் கெட்டுப்போக வேண்டும் என்று ஐம்பதாண்டு காலம் சட்டப் புத்தகமே சொல்லிக்கொண்டிருந்தது. பிரிவு நீங்கிவிட்டது. வீடுகளுக்குள் அது இன்னும் நீங்கவில்லை.

தட்டில் வைத்த சேலை

எங்கள் ஊர் கும்பகோணத்துக்குத் தெற்கே, காவிரிப் பாசனத்தில். பத்து மா நன்செய், அதாவது அரை வேலி, ஏறத்தாழ மூன்றேகால் ஏக்கர். தாத்தா 1985இல் இறந்தார். அடுத்த ஆண்டு, எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, ஒரு காலை வேளையில் அத்தை வந்திறங்கினார். அப்பாவுக்கு ஒரே தங்கை. மன்னார்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். வாசல் திண்ணையில் ஆவண எழுத்தர் உட்கார்ந்திருந்தார். கூடத்தில் ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்புப் பூவன்பழம், அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. நல்ல நாள் போலிருந்ததே தவிர என்ன நாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. அத்தை சற்றே தயங்கியதாக எனக்கு நினைவு. அது என் நினைவா, பிறகு நானே சேர்த்துக்கொண்டதா என்று உறுதியில்லை. பாட்டி சொன்னது மட்டும் அப்படியே நினைவிருக்கிறது: "பொறந்த வீட்டு வாசப்படி உனக்குத் தொறந்தே இருக்கணும்னா, இதுக்கெல்லாம் யோசிக்கப்படாது." பாட்டியும் தன் பங்கை அதே பத்திரத்தில்தான் விட்டுக்கொடுத்தார். எல்லோரும் வண்டி கட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போய் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

மாலையில் அத்தை அந்தச் சேலையைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டதை நான் பார்த்தேன்.

என் முறை

அப்பா 2013இல் சிறுநீரகம் பழுதாகி இறந்தார். 2014இல் நான் கையெழுத்துப் போட்டேன். என்னை யாரும் வற்புறுத்தவில்லை, தட்டு வைக்கவில்லை, தொலைபேசியில் அண்ணன் "அந்த வேலையை இந்தத் தடவை வரப்பவே முடிச்சிடலாமா?" என்று கேட்டார், அவ்வளவே. எந்த வேலை என்று நானும் கேட்கவில்லை. சார்பதிவாளர் முன்னால் வெப்கேமராவைப் பார்த்து நின்று, இடது கைப் பெருவிரலை வைத்தேன். அவர் "சம்மதம்தானேம்மா? படிச்சுப் பார்த்தீங்களா?" என்றார். பத்திரங்களைப் படிப்பதே தொழிலாக இருந்தவள், அன்று அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் "படிச்சுட்டேன்" என்றேன். 1989 மார்ச் 25 அன்று எனக்குப் பதினைந்து வயது, திருமணமாகாதவள்; எனவே அந்த நிலத்தின் ஒரு பகுதியில் எனக்குப் பிறப்பால் உரிமை, மீதியில் அப்பாவின் வாரிசாக உரிமை. கணக்கைத் துல்லியமாகப் போட்டால் என் பங்கு நாலு மாவுக்குச் சற்றுக் குறைவாக வரும். இந்தக் கணக்கை நான் முதன்முதலாகப் போட்டது 2022இல்.

நான் விட்டுக்கொடுத்ததற்கு நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அண்ணன் ஊரில் தங்கி மடை பார்த்தார். வாரம் இரண்டு முறை அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போனார். நான் திருச்சியில் மாதச் சம்பளத்தில் இருந்தேன். எனக்கு 1999இல் நாற்பது பவுன் போட்டிருந்தார்கள். இவற்றை எல்லாம் எடுத்து வைத்து, என் பங்கு இவ்வளவு, அண்ணனின் உழைப்பு இவ்வளவு, ஆகையால் நான் இதை விடுகிறேன் என்று முடிவு செய்திருந்தால் அது என் முடிவாக இருந்திருக்கும். அப்படி ஒரு முடிவு எடுக்கப்படவே இல்லை என்பதுதான் என் குறை. இன்னொன்றும் பிறகு உறைத்தது. அப்பாவின் கடைசி எட்டு மாதங்களில் படுக்கை விரிப்பு மாற்றியதும், உப்பில்லாமல் தனிச் சமையல் செய்ததும் அண்ணி. பட்டா அண்ணன் பெயரில் மட்டும் இருக்கிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடிதாரர்களாகப் பதிவானவர்களில் பெண்கள் ஏறத்தாழ 14 விழுக்காடுதான். என் நாலு மா அண்ணியின் கைகளுக்குக் கூலியாகப் போயிருந்தாலும் பரவாயில்லை, அதுவும் நடக்கவில்லை.

அந்த 'ர்'

மாமனார் 2021இல் காலமானார். மாமியார் அதற்கு முன்பே போய்விட்டார். திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கு அருகே 2,400 சதுர அடி மனையில் பழைய ஓட்டு வீடு, மாமனார் தம் சம்பாத்தியத்தில் வாங்கியது, உயில் இல்லை. வாரிசுகள் இருவர், என் கணவரும் அவருடைய தங்கையும். இடித்துக் கட்டக் கடன் கேட்டிருந்தோம். வங்கி வழக்கறிஞரின் கருத்துரை வந்தது. நான் நூற்றுக்கணக்கான முறை பிறருக்குப் படித்துச் சொன்ன அதே வரி இந்த முறை எங்கள் கோப்பில் இருந்தது. கணவர் அதை என்னிடம் நீட்டி, "அவ போட்டுக் கொடுத்துடுவா. வாசகம் மட்டும் நீ பாத்துடு, உனக்குத்தான் அத்துப்படியாச்சே" என்றார்.

இரவு சாப்பாடு முடிந்து, மேசையைத் துடைத்துவிட்டு, சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். முதலில் சொத்து விவரத்தைப் பார்த்தேன். வடக்கே வாய்க்கால் கரைப் பாதை, கிழக்கே அடுத்த வீட்டுச் சுவர். சர்வே எண்ணில் ஓர் உட்பிரிவு விட்டுப்போயிருந்தது, சேர்த்தேன். பிறகு வாசகம். "…நமக்குள் உள்ள அண்ணன் தங்கை பாசத்தை முன்னிட்டு, எவ்வித வற்புறுத்தலோ தூண்டுதலோ இன்றி, நல்ல சுயநினைவுடன், மனமுவர்ந்து, பிரதிப் பிரயோஜனம் ஏதுமின்றி…" 'ர்' மேல் கோடு போட்டேன். ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது. கரித்த மனத்தோடு எழுதிக் கொடுக்கிறேன் என்று ஒரு பத்திரம்! அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பித்தளைத் தாம்பாளம் நினைவுக்கு வந்தது. நாத்தனார் இந்தத் தாளை இன்னும் பார்க்கவே இல்லை. அவளுடைய மனம் உவக்கிறதா கரிக்கிறதா என்பதை அவளுக்கு முன்னால் நான் தீர்மானித்து, இலக்கணப் பிழை இல்லாமல் எழுதிக்கொண்டிருந்தேன். 1986இல் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆவண எழுத்தரின் இடத்தில் இப்போது நான் இருந்தேன். அவருக்காவது கூலி மட்டும்தான். எனக்குப் பாதி வீடு கிடைக்க இருந்தது.

கணவரிடம் அன்றே சொன்னேன், அவளுக்குரிய பாதியின் மதிப்பைச் சொல்லாமல் கையெழுத்து கேட்கக் கூடாது என்று. அவர் கோபப்படவில்லை, அதுதான் கடினமாக இருந்தது. அமைதியாக, "உன் அண்ணன்கிட்ட கேக்காததை என் தங்கச்சிக்காகக் கேக்கறே. அங்க பாசம், இங்க பெண்ணியமா?" என்றார். அதைக் கேலி என்று ஒதுக்க முடியவில்லை. நானே என்னிடம் எட்டாண்டுகளாகக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. பதில் இல்லாததால், அங்கே செய்த தவற்றை இங்கேயும் செய்ய வேண்டுமா என்று மட்டும் கேட்டேன். இருவரும் அன்று தூங்கவில்லை.

அடுத்த ஞாயிறு நாத்தனார் வந்தாள். அன்றைய சந்தை நிலவரத்தில் மனை 96 லட்சம், உன் பங்கு 48 லட்சம் என்று சொன்னேன். அவள் மகிழ்வாள் என்று நான் எதிர்பார்த்திருந்தேன் போலும். அவள் முகம் சுருங்கியது. "அண்ணி, உங்க கொள்கைக்கு என்னை நடுவுல இழுக்காதீங்க. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா ஓடி வர்றதுக்கு அண்ணன் ஒருத்தன்தான் இருக்கான்." பாட்டி சொன்ன வாசற்படி அதேதான். காப்பி ஆறிப்போகும் வரை யாரும் பேசவில்லை. அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. தன் ஆபத்துக் காலத்துக்கு அவளிடம் இருந்த ஒரே காப்பீடு அண்ணன்தான், அதற்கு அவள் கட்ட வேண்டிய தவணைதான் இந்தக் கையெழுத்து. அந்தக் கணக்கில் 48 லட்சம் என்பது அவளுக்குப் பணமாகவே தெரியவில்லை, உறவை முறிக்கும் ஆயுதமாகத் தெரிந்தது. புறப்படும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "அந்தக் கணக்கை ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க" என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் தொலைபேசி இல்லை. பிறகு அவளும் அவள் கணவருமாக வந்து 20 லட்சம் போதும் என்றார்கள். கடனோடு சேர்த்து நாங்கள் கொடுத்தோம். பத்திரத்தில் தொகையைக் காட்டி எழுதினோம். 'பிரதிப் பிரயோஜனம் ஏதுமின்றி' என்ற தொடரை நானே நீக்கினேன். நாற்பத்தெட்டு கேட்காமல் இருபதோடு நின்றாளே என்று எனக்குள் ஒரு நிம்மதி பரவியது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். மீதி இருபத்தெட்டை வற்புறுத்திக் கொடுக்கும் அளவுக்கு என் பெண்ணியம் வளர்ந்திருக்கவில்லை. அவள் அந்தப் பணத்தைத் தன் பெயரில் வைப்பு நிதியாகப் போட்டிருக்கிறாள். ஆனால் முன்பு போல் வந்தவுடன் நேராகச் சமையலறைக்குள் வந்து குழம்புச் சட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. சோபாவில் உட்கார்ந்து, கொடுத்ததைக் குடிக்கிறாள்.

அண்ணன் அனுப்பும் அரிசி

ஆண்டுதோறும் தை அறுவடைக்குப் பிறகு அண்ணன் இரண்டு மூட்டை அரிசி அனுப்புகிறார். ஒவ்வொரு முறையும் அது அன்பளிப்பாக வருகிறது, நானும் அப்படியே வாங்கிக்கொள்கிறேன். அவரிடம் நான் இன்றுவரை எதையும் கேட்கவில்லை. பதிவான பத்திரத்தை நானாக மாற்ற முடியாது என்பது எனக்குத் தெரியும். கேட்பதற்கு அது தடையில்லை என்பதும் தெரியும். அண்ணி பெயரில் ஒரு மாவாவது எழுதி வையுங்கள் என்று சொல்ல இரண்டு பொங்கலுக்கு வாய் திறந்து மூடிக்கொண்டேன். ஏழு கடிதம் எழுதத் தெரிந்தவளுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

இந்த ஆண்டு பொங்கலுக்கு மன்னார்குடிக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். எண்பது தாண்டிவிட்டார், கண் மங்கல், காது நன்றாகவே கேட்கிறது. அரக்குச் சேலையைப் பற்றிக் கேட்டேன். "அதுவா, என் மக கல்யாணத்துல சம்பந்திக்கு வச்சுக் குடுத்துட்டேன். கட்டவே இல்ல" என்றார். பத்திரத்தில் என்ன எழுதியிருந்தது என்று தெரியுமா என்றதற்கு, "யாரு படிச்சுக் காட்டுனா?" என்றார். அதில் குறை சொல்லும் தொனி இல்லை. கொஞ்ச நேரம் வெற்றிலையைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, "என் பங்கு எவ்வளவுடி வந்திருக்கும்?" என்று கேட்டார்.

கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டேன். தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் ஆளுக்குப் பாதி. தாத்தாவின் பாதி பாட்டிக்கும் அப்பாவுக்கும் அத்தைக்குமாக மூன்று பங்கு. ஆக, மொத்தத்தில் ஆறில் ஒன்று. பத்து மாவில் ஒரு மாவும் அறுபத்தாறு குழியும். இன்றைய அளவில் ஐம்பத்தைந்து சென்ட். சொன்னேன்.

அத்தை கிள்ளுவதை நிறுத்திவிட்டு, "இன்னொரு தடவ சொல்லு" என்றார்.